பிளாசுமா வெட்டு மேசையின் உயரக் கட்டுப்பாடு

பிளாசுமா வெட்டு மேசையின் உயரக் கட்டுப்பாடு என்பது, கணினி வழி எண்முறையில் (சி.என்.சி.) இயங்கும் பிளாசுமா வெட்டு இயந்திரத்தில், டார்ச்சின் நுனிக்கும் உலோகத் தகட்டுக்கும் இடையிலான இடைவெளியை வேலை முழுவதும் உரிய அளவில் வைத்திருக்கும் அமைப்பு ஆகும். பட்டறை வழக்கில் இது டி.எச்.சி. என்று அழைக்கப்படுகின்றது. மேசையின் நீள, அகல அச்சுகள் வரைபடத்தில் உள்ளவாறு டார்ச்சை நகர்த்துகின்றன. செங்குத்து அச்சு மட்டும் வரைபடத்தில் இல்லாத ஒன்றைப் பின்பற்ற வேண்டியுள்ளது: தகட்டின் மேடுபள்ளம். வெட்டு நடக்கும்போது அந்த இடைவெளியைத் தொட்டுப் பார்த்து அறிய இயலாது. ஆகவே மின்வில்லின் மின்னழுத்தத்தை அளந்து, அதிலிருந்து உயரம் ஊகிக்கப்படுகின்றது. இந்த ஊகம் எப்போது செல்லும், எப்போது செல்லாது என்பதே இவ்வமைப்பை வடிவமைப்பவர் எதிர்கொள்ளும் முதன்மையான சிக்கல் ஆகும்.

பின்னணி

உலோகத்தைச் சுடரால் வெட்டும் வழக்கம் பிளாசுமாவுக்கு முந்தியது. பிரான்சு நாட்டுப் பொறியாளர்களான எட்மோன் ஃபூசே, சார்ல் பிக்கார் ஆகிய இருவரும் 1903 ஆம் ஆண்டில் ஆக்சிசன்-அசிட்டிலீன் சுடரைப் பற்றவைப்புக்கு ஏற்றதாக்கினர். அக்காலத்தில் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அந்தச் சுடரின் வழிவந்த 'காஸ் கட்டிங்' இன்றும் புதுச்சேரிப் பட்டறைகளில் வழக்கில் உள்ளது. இம்முறையில் இரும்பு ஆக்சிசனில் எரிந்தே வெட்டுப்படுகின்றது. ஆகையால் துருவேறா எஃகையும் அலுமினியத்தையும் அதனால் வெட்ட இயலாது. இக்குறையைத் தீர்க்க வந்ததே பிளாசுமா வெட்டுதல். அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் லிண்டே பிரிவைச் சேர்ந்த இராபர்ட் கேச் என்பவர் பெற்ற 1957 ஆம் ஆண்டுக் காப்புரிமை இதன் தொடக்கமாகக் கருதப்படுகின்றது.

புதுச்சேரியின் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் (இது கோவை மாவட்டத்து மேட்டுப்பாளையம் அன்று), சேதராப்பட்டு ஆகியவை தொழிற்பேட்டைகள் அமைந்த இடங்கள். இத்தகைய கடலோர நகரில், எட்டடிக்கு நான்கடி தகட்டை வெட்டும் மேசையொன்றைச் சிறு பட்டறை ஒன்று தானே அமைத்துக்கொள்வதாக வைத்துக்கொண்டு இக்கட்டுரையின் கணக்குகள் தரப்பட்டுள்ளன. 3 மி.மீ. மென்னெஃகுத் தகடு, 45 ஆம்பியர் மின்னோட்டம், அழுத்தக் காற்று, நொடிக்கு 80 மி.மீ. வேகம் என்பன நாம் எடுத்துக்கொள்ளும் அளவுகள்.

உயரம் ஏன் முக்கியமானது

பிளாசுமா டார்ச்சில் அஃபினியம் பதித்த செப்பு மின்முனை ஒன்றும், அதைச் சுற்றி நுண்துளையுள்ள நாசில் ஒன்றும் உண்டு. மின்முனையிலிருந்து எழும் மின்வில், நாசிலின் துளைவழியே காற்றால் நெருக்கப்பட்டுத் தகட்டை அடைகின்றது. நெருக்கப்பட்ட இந்த மின்வில் நாசிலை விட்டு வெளியேறியதும் மெல்ல விரியத் தொடங்குகின்றது. தகடு எவ்வளவு தொலைவில் உள்ளதோ அதைப் பொறுத்து வெட்டின் வடிவமும் மாறுகின்றது.

டார்ச் மிகவும் உயர்ந்திருந்தால் வெட்டுத்தடம் மேலே அகன்றும் கீழே குறுகியும் அமையும். வெட்டிய துண்டின் விளிம்பு செங்குத்தாக இராமல் சாய்ந்து நிற்கும். டார்ச் மிகவும் தாழ்ந்தால் சாய்வு எதிர்த்திசைக்கு மாறும். அதைவிடக் கேடு, உருகிய உலோகம் தெறித்து நாசிலின் துளையில் ஒட்டிக்கொள்வது ஆகும். துளை வட்டமாக இல்லாவிட்டால் மின்வில்லும் நேராக வராது. சிறு மின்னோட்டத்தில் வெட்டும் உயரம் பெரும்பாலும் 1.5 மி.மீ. அளவில் உள்ளது. இதில் அரை மில்லிமீட்டர் பிழை என்பது மூன்றில் ஒரு பங்கு பிழை.

தகட்டைத் துளைக்கும் உயரம் இதிலிருந்து வேறுபட்டது. துளைக்கும் நொடியில் உருகிய உலோகம் கீழே போக வழியில்லாமல் மேல்நோக்கித் தெறிக்கும். எனவே வெட்டும் உயரத்தைப் போல் ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு உயரத்தில் துளைத்துவிட்டுப் பின்னரே டார்ச் இறக்கப்படுகின்றது. நமது எடுத்துக்காட்டில் துளைக்கும் உயரத்தை 3.5 மி.மீ. எனக் கொள்ளலாம்.

விளிம்பின் சாய்வு அனைத்துக்கும் உயரமே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. நாசிலுக்குள் காற்று சுழன்று வருவதால், வழக்கமான டார்ச்சுகளில் செல்லும் திசைக்கு வலப்புற விளிம்பே செங்குத்தாக அமையும். வெளிவிளிம்பை வலஞ்சுழியாகவும் உள்துளைகளை இடஞ்சுழியாகவும் வெட்டுவது இதனால்தான். திசையைத் தவறாகக் கொடுத்துவிட்டு, சாய்வைப் போக்க உயரத்தை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் பலர்.

மின்னழுத்தத்திலிருந்து உயரம்

பிளாசுமா மின்வழங்கி மின்னோட்டத்தை மாறாமல் வைத்திருக்கும் வகையைச் சேர்ந்தது. 45 ஆம்பியர் எனக் குறித்தால், மின்வில் நீண்டாலும் சுருங்கினாலும் அதே 45 ஆம்பியரைச் செலுத்த அது முயலும். மின்வில் நீளும்போது அதன் தடை கூடுகின்றது. அதே மின்னோட்டத்தைச் செலுத்தக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுகின்றது. ஆக மின்னோட்டம் நிலையானது. மின்னழுத்தம் மின்வில்லின் நீளத்தைக் காட்டுவது. வெட்டும்போது இது பொதுவாக 100 முதல் 150 வோல்ட் வரை இருக்கும்.

நடைமுறையில் ஒரு மில்லிமீட்டர் உயர்வுக்கு ஏறத்தாழ 4 முதல் 8 வோல்ட் வரை மின்னழுத்தம் கூடுகின்றது. கணக்குக்கு 5 வோல்ட் எனக் கொள்வோம். உயரத்தை அரை மில்லிமீட்டருக்குள் பிடிக்க வேண்டுமானால் 2.5 வோல்ட் வேறுபாட்டை நம்பகமாக அறிய வேண்டும். 120 வோல்ட்டில் இரண்டரை வோல்ட் என்பது கடினமான அளவீடாகத் தோன்றாது. ஆனால் இந்த மின்னழுத்தத்தை அப்படியே கட்டுப்பாட்டுப் பலகைக்குக் கொண்டுவர முடியாது. அது ஆளைக் கொல்லக்கூடியது; மின்வில் பற்றாத நிலையில் 250 வோல்ட்டுக்கும் மேல் செல்வது. எனவே மின்தடைகளால் அமைந்த பகுப்பியைக் கொண்டு அதை 50-இல் ஒரு பங்காகக் குறைக்கின்றனர். 120 வோல்ட் 2.4 வோல்ட்டாகின்றது. நமக்கு வேண்டிய இரண்டரை வோல்ட் வேறுபாடு 50 மில்லிவோல்ட்டாகச் சுருங்கிவிடுகின்றது. 45 ஆம்பியர் மின்வில் எரிந்துகொண்டிருக்கும் இடத்துக்கு அருகில், சில மீட்டர் நீளக் கம்பியில் வரும் 50 மில்லிவோல்ட்டை நம்பித்தான் டார்ச் ஏறி இறங்க வேண்டும்.

இதனால் பகுப்பியை எங்கே வைப்பது என்பது முதன்மையான முடிவாகின்றது. மின்வழங்கியின் உள்ளேயோ அதை ஒட்டியோ பகுப்பியை வைத்து, அங்கேயே மின்னழுத்தத்தை அதிர்வெண்ணாக மாற்றி, தனிமைப்படுத்திய கம்பி வழியே அனுப்புவது நல்ல முறை. இப்போது கம்பியில் செல்வது துடிப்புகள். துடிப்பின் உயரம் இரைச்சலால் சற்றுக் குலைந்தாலும் எண்ணிக்கை எளிதில் மாறாது. மறுமுனையில் உள்ள மின்சுற்று துடிப்புகளை எண்ணி மீண்டும் வோல்ட்டாக்கிக் கொள்கின்றது. உயர் அதிர்வெண் பொறியால் மின்வில்லைப் பற்றவைக்கும் பழைய வகை மின்வழங்கிகள் அக்கம்பக்கத்து மின்னணுக் கருவிகளையெல்லாம் குலைக்கக் கூடியவை. புதிதாக மேசை அமைப்பவர், மின்முனையும் நாசிலும் தொட்டு விலகிப் பற்றும் வகையைத் தேர்வதே நன்று.

தகட்டின் மேற்பரப்பைக் கண்டறிதல்

மின்வில் எரியாதபோது மின்னழுத்தம் எதையும் சொல்லாது. ஆனால் துளைக்கும் உயரத்துக்குச் செல்ல, மின்வில் பற்றுவதற்கு முன்னரே தகடு எங்கே உள்ளது என்று தெரிந்தாக வேண்டும். இதற்கு டார்ச்சே தகட்டைத் தொட்டுப் பார்க்கின்றது. இரு முறைகள் உள்ளன.

முதலாவது மிதக்கும் தாங்கி. டார்ச்சைப் பிடித்துள்ள சிறு பலகை, செங்குத்து அச்சின் மீது நேரடியாகப் பொருத்தப்படாமல், குட்டையான ஒரு வழிகாட்டித் தண்டில் தன் எடையால் கீழ்நிறுத்தத்தில் அமர்ந்திருக்கும். டார்ச் தகட்டைத் தொட்டதும் அது அங்கேயே நின்றுவிட, அச்சு மட்டும் தொடர்ந்து கீழிறங்கும். இவ்விடைவெளி சிறிது திறந்ததும் லிமிட் சுவிட்ச் ஒன்று இயங்கி, தொட்டுவிட்டது என அறிவிக்கும்.

சுவிட்ச் இயங்குவதற்கு முன் அச்சு எவ்வளவு கீழிறங்கியதோ அந்த அளவைக் கணக்கில் சேர்க்க வேண்டும். அது 1.2 மி.மீ. எனில், 1.5 மி.மீ. வெட்டும் உயரத்துக்கு அச்சை 2.7 மி.மீ. உயர்த்த வேண்டும். இந்த அளவை அறிய எளிய வழி உண்டு. டார்ச்சின் அடியில் ஒரு தாளை வைத்துத் தொடச் செய்து, பின்னர் தாள் இழுத்தால் வரும் வரை நூறில் ஒரு மில்லிமீட்டராக உயர்த்திக்கொண்டே போக வேண்டும்.

மிதக்கும் தூரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை ஊகத்துக்கு விடத் தேவையில்லை. சுவிட்ச் இயங்கிய பின்னும் அச்சு உடனே நிற்காது. வேகத்தின் வர்க்கத்தை முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்தால் நிற்கும் தொலைவு கிடைக்கும். நொடிக்கு 50 மி.மீ. வேகத்தில் இறங்கி, 500 மி.மீ./நொடி² முடுக்கத்தில் நிறுத்தினால் 2.5 மி.மீ. ஆகும். சுவிட்ச் இயங்கும் 1.2 மி.மீ.-ஐயும் சேர்த்தால் 3.7 மி.மீ. எனவே 8 மி.மீ. மிதவை போதுமானது. வேகத்தை இருமடங்காக்கினால் நிற்கும் தொலைவு நான்கு மடங்காகி 10 மி.மீ. ஆகும்; அந்தத் தாங்கி முட்டிக்கொள்ளும், அடுத்து உடைவது டார்ச். வேகமாக ஒருமுறை தொட்டு, சற்று உயர்ந்து, மெதுவாக மறுமுறை தொடும் முறையே பரவலாகக் கையாளப்படுகின்றது.

மெல்லிய தகட்டில் இன்னொரு சிக்கல் எழுகின்றது. ஒரு மில்லிமீட்டர் தகடு தாங்கு பட்டைகளுக்கு இடையே டார்ச்சின் எடைக்கே வளைந்து கொடுக்கும். தொட்ட இடம் ஒன்று, டார்ச் விலகியபின் தகடு நிமிர்ந்து நிற்கும் இடம் வேறு. மெல்லிய சுருள்வில் ஒன்றால் டார்ச்சின் எடையில் ஒரு பகுதியைத் தாங்கச் செய்வது இதற்குத் தீர்வு. டார்ச்சின் தடித்த குழாய்-கம்பி தாங்கியைப் பக்கவாட்டில் இழுக்காதவாறு மேலே தனியாகக் கட்டப்பட வேண்டும். இதைக் கவனியாமல் விட்டால், மேசையின் ஒரு மூலையில் சரியாகத் தொடும் டார்ச் மறுமூலையில் தவறாகத் தொடும்.

இரண்டாவது முறை மின்தொடுகை. டார்ச்சின் வெளிக்கவசத்துக்குச் சிறிய மின்னழுத்தம் ஒன்று தரப்படுகின்றது. கவசம் தகட்டைத் தொட்ட கணமே மின்சுற்று முழுமையடைகின்றது. தகட்டை அழுத்த வேண்டியதில்லை என்பதால் மெல்லிய தகட்டுக்கு இதுவே மிகத் துல்லியமான முறை. ஆனால் சாயம், எண்ணெய், துரு ஆகியவை இடையே இருந்தால் தொட்டும் தொடாததாகவே காட்டும். கவசத்தில் கசடு படிந்து நாசிலுடன் இணைந்துவிட்டால் தொடாமலே தொட்டதாகக் காட்டும். மேலும் மின்வில் பற்றும் முன் இச்சுற்று ரிலே ஒன்றால் கட்டாயம் துண்டிக்கப்பட வேண்டும். இல்லையெனில் மின்வில்லின் மின்னழுத்தம் நேரே கட்டுப்பாட்டுப் பலகைக்குள் நுழைந்துவிடும்.

இரண்டில் எது சிறந்தது என்ற கேள்விக்கு, இரண்டையும் வைக்க வேண்டும் என்பதே விடை. மின்தொடுகை முதலில் சொல்லட்டும். அது சொல்லத் தவறினால் மிதக்கும் தாங்கியின் சுவிட்ச் டார்ச்சைக் காப்பாற்றட்டும். எந்த முறை அறிவித்தது என்பதைப் பொறுத்து 1.2 மி.மீ. திருத்தத்தைச் சேர்ப்பதா விடுவதா என மென்பொருள் முடிவுசெய்ய வேண்டும்.

செங்குத்து அச்சு

தகட்டின் மேடுபள்ளத்தைப் பின்பற்ற எவ்வளவு வேகம் தேவை? வெப்பத்தால் வளைந்த தகடு 20-க்கு 1 என்ற சரிவில் உள்ளது எனக் கொள்வோம். நொடிக்கு 80 மி.மீ. செல்லும் டார்ச் நொடிக்கு 4 மி.மீ. ஏறினால் போதும். இது மிகக் குறைந்த வேகம். எந்தத் திருகும் இதைச் செய்யும். அச்சின் வேகத்தை முடிவு செய்வது துளைகளுக்கு இடையிலான ஏற்றஇறக்கமே ஆகும்.

ஒரு தகட்டில் 200 துளைகள் எனக் கொள்வோம். ஒவ்வொரு துளைக்கும் டார்ச் 25 மி.மீ. ஏறி, மீண்டும் 25 மி.மீ. இறங்குகின்றது. அச்சின் வேகம் நொடிக்கு 10 மி.மீ. எனில் துளைக்கு 5 நொடி. மொத்தம் 1000 நொடி, அதாவது ஏறத்தாழ 17 நிமிடங்கள் வெறுமனே ஏறி இறங்குவதில் போகின்றன. நொடிக்கு 50 மி.மீ. எனில் அது 200 நொடியாகக் குறைகின்றது. அச்சின் வேகத்தைக் கூட்டாமல் ஏற்றத்தின் அளவை 25-லிருந்து 8 மி.மீ. ஆகக் குறைக்கலாமே என்று தோன்றும். ஆனால் வெட்டிய சிறு துண்டுகள் தாங்கு பட்டைகளுக்கு இடையே ஒருபுறம் தாழ்ந்து மறுபுறம் செங்குத்தாக எழுந்து நிற்பதுண்டு. தாழ்வாகக் கடக்கும் டார்ச் அவற்றில் மோதும். இதற்காகவே டார்ச், காந்தத்தால் பற்றிய தாங்கியில் பொருத்தப்படுகின்றது. மோதினால் அது கழன்று விலகும். ஒரு சுவிட்ச் இயந்திரத்தை நிறுத்தும்.

திருகு வகையில் இரண்டு வழிகள் பட்டறைகளில் காணப்படுகின்றன. சரிவகப் புரித் திருகு விலை குறைந்தது. மின்சாரம் நின்றாலும் தானே இறங்காது. ஆனால் உராய்வு மிகுந்தது, வெட்டுத்தூசியில் விரைந்து தேய்வது. பால் ஸ்குரூ எளிதாகச் சுழலும். அதனாலேயே மின்சாரம் நின்றால் டார்ச் தன் எடையால் கீழே சரிந்து தகட்டில் மோதும். ஆகவே மோட்டாரில் பிரேக்கோ, எடையைச் சமன்செய்யும் சுருள்வில்லோ வேண்டும். ஒரு சுற்றுக்கு 10 மி.மீ. நகரும் பால் ஸ்குரூவில் நொடிக்கு 50 மி.மீ. வேகம் பெற மோட்டார் நிமிடத்துக்கு 300 முறை சுழன்றால் போதும். ஸ்டெப்பர் மோட்டார் நல்ல திருப்புவிசை தரும் எல்லைக்குள் இது அடங்குகின்றது. 200 படிகளும் எட்டில் ஒரு பங்கு நுண்படியும் கொண்டால் ஒரு படிக்கு 0.00625 மி.மீ. கிடைக்கின்றது. இது தேவைக்கு மிக அதிகமான நுண்மை. செங்குத்து அச்சுக்கு விலையுயர்ந்த சர்வோ மோட்டார் வாங்கும் பணத்தைக் காற்று உலர்த்திக்குச் செலவிடலாம் என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. காரணம் பின்னர் வருகின்றது.

மென்பொருளின் பங்கு

ஒரு வெட்டின் வரிசைமுறை இவ்வாறு அமையும். டார்ச் தகட்டைத் தொடுகின்றது, துளைக்கும் உயரத்துக்கு ஏறுகின்றது, மின்வில் பற்றுகின்றது. மின்வில் தகட்டுக்கு மாறிவிட்டது என்ற அறிவிப்பை மின்வழங்கி அனுப்புகின்றது. துளை முழுமையடையச் சிறிது நேரம் காத்திருந்து, டார்ச் வெட்டும் உயரத்துக்கு இறங்கி நகரத் தொடங்குகின்றது. முழு வேகத்தை எட்டியபின், மின்னழுத்தம் அடங்கிய பிறகே உயரக் கட்டுப்பாடு தொடங்க வேண்டும். அதற்கு முன் உள்ள மின்னழுத்தம் எதற்கும் உதவாது.

கட்டுப்பாடு தொடங்கியபின் நடப்பது எளிய கணக்கு. அளந்த மின்னழுத்தம் குறித்த அளவைவிடக் கூடினால் இறங்கு, குறைந்தால் ஏறு, வேறுபாடு ஒரு வோல்ட்டுக்குள் இருந்தால் அசையாதே. வேறுபாட்டைப் பெருக்கும் எண் மிகப் பெரிதானால் டார்ச் மேலும் கீழும் ஊசலாடி, விளிம்பு அலையலையாக அமையும். மிகச் சிறிதானால் தகட்டின் மேட்டில் டார்ச் பின்தங்கும்.

இரைச்சலை அடக்க அளவீடுகளைச் சராசரி காண்பது வழக்கம். சராசரிக்கும் ஒரு விலை உண்டு. 20 மில்லிநொடிகளின் சராசரியை எடுத்தால், அதற்குள் டார்ச் 1.6 மி.மீ. நகர்ந்திருக்கும். நூறு மில்லிநொடி எனில் 8 மி.மீ. பழைய செய்தியை வைத்துப் புதிய இடத்தில் முடிவெடுப்பது போன்றது அது. கம்பியமைப்பில் இரைச்சலைக் குறைக்காமல் மென்பொருளில் வடிகட்டிவிடலாம் என நினைப்பவர் இந்தத் தாமதத்தையே விலையாகக் கொடுக்கின்றார்.

இத்துறையில் கட்டற்ற மென்பொருளின் பங்கு குறிப்பிடத்தக்கது. அமெரிக்கச் செந்தர, தொழில்நுட்ப நிறுவனம் (நிஸ்ட்) 1990களில் உருவாக்கிப் பொதுவுடைமையாக்கிய இ.எம்.சி. என்னும் இயந்திரக் கட்டுப்பாட்டு மென்பொருள், தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டு இன்று லினக்சு-சி.என்.சி. என்னும் பெயரில் வழங்குகின்றது. அதில் பிளாசுமா மேசைக்கென்றே கியூட்டி-பிளாசுமா-சி என்னும் இடைமுகம் உள்ளது. அதன் கட்டுப்பாட்டுச் சுற்று வழக்கமாக ஒரு மில்லிநொடிக்கு ஒருமுறை இயங்குகின்றது. மூலநிரல் திறந்திருப்பதால், டார்ச் ஏன் அந்த இடத்தில் இறங்கியது என்று மாணவர்கள் தாமே தேடிப் பார்க்கலாம். மூடிய பெட்டியாக விற்கப்படும் கட்டுப்படுத்திகளில் இதற்கு வாய்ப்பில்லை.

மின்னழுத்தம் தவறான செய்தி தரும் இடங்கள்

மின்னழுத்தம் அளப்பது மின்வில்லின் நீளத்தையே அன்றி டார்ச்சின் உயரத்தை அன்று. நேர்கோட்டில், மாறா வேகத்தில் இரண்டும் ஒன்றுபோல் மாறுகின்றன. பிற இடங்களில் பிரிந்துவிடுகின்றன.

முதலாவது, மூலைகள். கூர்மையான திருப்பத்தில் இயந்திரம் வேகத்தைக் குறைத்தே திரும்ப முடியும். வேகம் குறைந்தால் மின்வில் ஒரே இடத்தில் கூடுதல் நேரம் நின்று அதிக உலோகத்தை உருக்குகின்றது. வெட்டுத்தடம் அகல்கின்றது, மின்வில் விளிம்பைத் தேடி நீள்கின்றது, மின்னழுத்தம் கூடுகின்றது. டார்ச் உயரவே இல்லை. ஆனால் உயர்ந்துவிட்டதாக எண்ணிக் கட்டுப்பாடு அதைக் கீழே இறக்குகின்றது. ஒவ்வொரு மூலையிலும் டார்ச் குனிந்து தகட்டை முட்டுவது புதிய மேசைகளில் அடிக்கடி காணும் காட்சி. உண்மையான வேகம் குறித்த வேகத்தின் 90 விழுக்காட்டுக்குக் கீழே வந்தால் உயரத்தை அப்படியே பூட்டிவைப்பது இதற்குத் தீர்வு. சிறு துளைகளை வெட்டும்போது வேகம் முழுவதுமே குறைவு என்பதால், அங்கே கட்டுப்பாட்டை முற்றிலும் நிறுத்திவிட்டுத் தொட்டறிந்த உயரத்திலேயே வெட்டுவது நல்லது.

இதிலிருந்து ஒரு எதிர்பாராத முடிவு கிடைக்கின்றது. நீள, அகல அச்சுகளின் முடுக்கம் குறைவாக உள்ள கனத்த மேசையில், டார்ச் பாதி நேரம் வேகம் கூடிக்கொண்டோ குறைந்துகொண்டோ இருக்கும். அப்போதெல்லாம் உயரக் கட்டுப்பாடு பூட்டப்பட்டே கிடக்கும். உயரக் கட்டுப்பாடு சரியில்லை என்று வரும் முறையீட்டுக்குக் காரணம் கேன்ட்ரியின் எடையாக இருக்கலாம்.

இரண்டாவது, ஏற்கெனவே வெட்டிய தடத்தைக் கடப்பது. 1.5 மி.மீ. அகலத் தடத்தை டார்ச் ஏறத்தாழ 19 மில்லிநொடிகளில் கடந்துவிடும். அந்த நேரத்தில் கீழே உலோகம் இல்லாததால் மின்னழுத்தம் சட்டென எகிறும். தகட்டின் வளைவால் மின்னழுத்தம் அவ்வளவு விரைவாக மாறவே முடியாது. ஆகவே மாற்றத்தின் விரைவைப் பார்த்து, இது மேடன்று, வெற்றிடம் எனத் தெளிந்து உயரத்தைப் பூட்டலாம். தகட்டின் ஓரத்தைத் தாண்டிச் செல்லும் வெட்டுகளில் இந்தக் காப்பு இல்லாவிட்டால் டார்ச் தாங்கு பட்டைவரை இறங்கிவிடும்.

மூன்றாவது மெதுவாக நடப்பது. ஆகையால் கண்டறிய மிகக் கடினமானது. மின்முனையில் பதித்த அஃபினியம் ஒவ்வொரு பற்றலுக்கும் சிறிது தேய்ந்து குழிவிழுகின்றது. மின்வில் அக்குழியின் அடியிலிருந்து தொடங்குவதால், டார்ச் அதே உயரத்தில் இருந்தாலும் மின்வில் நீண்டு மின்னழுத்தம் கூடுகின்றது. தேய்மானத்தால் 3 வோல்ட் கூடியது எனக் கொள்வோம். கட்டுப்பாடு பழைய எண்ணையே பிடித்திருந்தால் டார்ச்சை 0.6 மி.மீ. கீழே இறக்கிவிடும். 1.5 மி.மீ. உயரம் 0.9 மி.மீ. ஆகின்றது. தெறிக்கும் உலோகம் நாசிலை அடைகின்றது. நாசில் கெட்டதால் மின்முனை இன்னும் விரைவாகத் தேய்கின்றது. காலையில் நன்றாக வெட்டிய இயந்திரம் மாலையில் ஏன் இப்படி வெட்டுகின்றது என்ற குழப்பத்துக்குப் பெரும்பாலும் இதுவே விடை.

எண்ணை மனப்பாடமாக வைத்திராமல், ஒவ்வொரு வெட்டின் தொடக்கத்திலும் புதிதாக அளந்துகொள்வது இதற்கு மாற்று. தொட்டறிந்து 1.5 மி.மீ. உயரத்தில் வெட்டத் தொடங்கி, வேகம் நிலைத்ததும் அப்போதுள்ள மின்னழுத்தத்தையே இந்த வெட்டுக்கான இலக்காக எடுத்துக்கொள்ள வேண்டும். தேய்மானம் எவ்வளவானாலும் டார்ச் சரியான உயரத்தில் நிற்கும். ஆனால் இம்முறையில் எல்லாப் பொறுப்பும் தொட்டறியும் பொறிமுறை மீது விழுகின்றது. அது அரை மில்லிமீட்டர் தவறினால் வெட்டு முழுவதும் அரை மில்லிமீட்டர் தவறும். மலிவான லிமிட் சுவிட்சும் ஆடும் தாங்கியும் போதும் என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

கடலோர நகரில்

புதுச்சேரி போன்ற இடத்தில் இரண்டு கூடுதல் கவலைகள் உள்ளன. உப்புக் காற்றில் திறந்தவெளியில் அடுக்கிவைத்த தகடு விரைவில் துருப்பிடிக்கும். துருவேறிய தகட்டில் மின்தொடுகை தவறும். மின்வில்லுக்குத் திரும்பும் பாதையைத் தரும் புவிக் கவ்வியும் துருவின் மேல் சரியாகப் பற்றாது. அங்கே ஏற்படும் மின்னழுத்த இழப்பு உயரமாகப் படிக்கப்பட்டுவிடும். கவ்வியைத் தாங்கு பட்டையில் மாட்டாமல், துருவை அரைத்து நீக்கிய இடத்தில், தகட்டிலேயே மாட்டுவது எளிய பாதுகாப்பு.

மற்றது காற்றின் ஈரம். 30 பாகை செல்சியசில் ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 30 கிராம் நீராவி இருக்கும். ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடு எனில் 24 கிராம். சிறு பிளாசுமா டார்ச் ஒன்று நிமிடத்துக்கு 190 லிட்டர் காற்றைப் பயன்படுத்துவதாகக் கொண்டால், மணிக்கு 11.4 கன மீட்டர். கம்ப்ரசர் காற்றோடு சேர்த்து மணிக்கு ஏறத்தாழ 270 கிராம் நீரையும் உள்ளிழுக்கின்றது. ஒரு டம்ளருக்கும் மேற்பட்ட நீர் அது. அதில் பெரும்பகுதி தொட்டியில் படியும். எஞ்சியது டார்ச்சுக்குச் செல்லும். ஈரக் காற்று மின்முனையையும் நாசிலையும் விரைந்து அரிக்கின்றது. மேலே மூன்றாவதாகச் சொன்ன தேய்மானம் இங்கே முடுக்கிவிடப்படுகின்றது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வெட்டின் தரம் குறைந்தால், உயரக் கட்டுப்பாட்டின் எண்களை மாற்றுவதற்கு முன் தொட்டியின் வடிகுழாயைத் திறந்து பார்க்க வேண்டும். குளிர்வித்து உலர்த்தும் ஏர் டிரையரைச் சர்வோ மோட்டாருக்கு முன்னர் வாங்கச் சொன்னது இதனால்தான்.

தண்ணீர்த் தொட்டியுடன் கூடிய மேசைகளில் நீர் தகட்டின் மேல் ஏறினால், கவசத்தை நனைத்து மின்தொடுகையைத் தவறாக இயக்கும். தொடுவதற்கு முன் ஒரு நொடி காற்றை மட்டும் ஊதிக் கவசத்தை உலர்த்துவதுண்டு.

சோதித்துப் பார்த்தல்

புதிய அமைப்பை மின்வில் இல்லாமலே முதலில் சோதிக்கலாம். பகுப்பியின் தாழ் மின்னழுத்தப் பக்கத்தில் மாறும் மின்வழங்கி ஒன்றை இணைத்து 2.4 வோல்ட் தந்தால், திரையில் 120 வோல்ட் எனத் தெரிய வேண்டும். அதை 2.5 வோல்ட்டாக உயர்த்தினால் டார்ச் இறங்க வேண்டும். ஏறினால் குறி தலைகீழாக உள்ளது. இதை மின்வில்லுடன் கண்டுபிடிப்பது செலவு மிகுந்தது.

அடுத்து, தகட்டின் ஒருபுறத்தை 20 மி.மீ. உயர்த்தி வைத்து, 500 மி.மீ. நீள நேர்கோடு ஒன்றை மேலேறும் திசையிலும், அதன் அருகில் மற்றொன்றை இறங்கும் திசையிலும் வெட்டலாம். கட்டுப்பாடு பின்தங்கினால், ஏறும்போது டார்ச் தகட்டுக்கு மிக அருகிலும் இறங்கும்போது மிகத் தொலைவிலும் செல்லும். இரண்டு கோடுகளின் விளிம்புச் சாய்வும் அடிக்கசடும் வேறுபட்டுத் தெரிந்தால் பெருக்கும் எண்ணைச் சிறிது கூட்ட வேண்டும். விளிம்பில் அலை தோன்றத் தொடங்கினால் கூட்டியது மிகை. அதற்கு முந்தைய எண்ணுக்குத் திரும்பிவிடலாம்.